பத்து வருடமாக எழுதுகிறேன், "என்ன எழுதுறீங்க?" என்று கேட்டால் பதில் இல்லை

மேல்பட்டி பாசஞ்சர் | ஞாயிறு, இரவு 9.50

வணக்கம். இதைக் கேட்பதா வேண்டாமா என்று மூன்று வாரமாக இழுத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு வீட்டில் கரண்ட் இல்லை, வேறு வேலையும் இல்லை. கேட்டுவிடுகிறேன்.

வயது 39. வீடு குடியாத்தம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை. காலையும் மாலையும் ரயிலில் போகும் நேரம்தான் எனக்கு எழுத்து நேரம், போனில் கட்டை விரலால். பத்து வருடத்தில் சேர்ந்தது இவ்வளவு: சிறுகதை 31, அதில் அச்சேறியது 9. ஒரு இணைய இதழுக்கு சினிமா விமர்சனம் 60க்கு மேல். ஒரு ஏஜென்சிக்கு ஆரோக்கியக் கட்டுரைகள், வார்த்தைக்கு 40 பைசா, என் பெயர் வராது. இங்கிலீஷிலிருந்து குழந்தைகள் கதை இரண்டு. கவிதைகளை எண்ணவில்லை, எண்ணாமல் இருப்பதே நல்லது.

போன மாதம் வேலூரில் ஒரு புத்தக வெளியீட்டுக்குப் போயிருந்தேன். டீ கொடுக்கும் இடத்தில் ஒரு பதிப்பாளர் பக்கத்தில் நின்றார். நண்பர் என்னை அறிமுகப்படுத்தி வைத்தார். "அப்படியா, என்ன எழுதுறீங்க?" என்று கேட்டார். "எல்லாம்தான் சார்" என்றேன். அவர் "ஓ" என்று சொல்லிக்கொண்டே பிஸ்கட்டை டீயில் நனைத்தார். அது பாதியில் உடைந்து உள்ளே விழுந்தது. அதற்கப்புறம் அவர் கவனம் முழுக்க அந்தப் பிஸ்கட்டை மீட்பதில் போய்விட்டது. என் அறிமுகம் அதோடு சரி.

அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்தப் பதிலுக்கு நானாக இருந்தாலும் பிஸ்கட்டைத்தான் கவனித்திருப்பேன். ஆனால் திரும்பி வரும்போது கேள்வி கூடவே வந்தது. நான் என்ன எழுதுகிறேன்?

இங்கே எழுதுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள். "இதுதான் என் எழுத்தின் மையம்" என்று ஒன்றை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? தேடிப் பிடித்ததா, தானாக அமைந்ததா? முக்கியமாக, அப்படி ஒன்று இருந்தே ஆக வேண்டுமா?

---

சும்மா இருப்பவன் | ஞாயிறு, இரவு 10.05

வேலூர் என்றால் நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை என்பார்கள். இந்த வரிசையில் இப்போது மையமில்லா எழுத்தாளர். வேலூருக்கு இன்னொரு பெருமை.

மையம் கிய்யம் எல்லாம் யூடியூபில் பேசுகிறவர்கள் கிளப்பிவிட்டது தலைவரே. சும்மா எழுதுங்க.

---

காட்பாடி கீபோர்டு | ஞாயிறு, இரவு 11.20

சும்மா எழுதச் சொல்வது சுலபம். சும்மா எழுதினால் வீட்டு வாடகை யார் கட்டுவது?

நான் ஏழு வருடமாக முழுநேரமும் இதே தொழில். சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணா. உங்கள் பட்டியலில் இரண்டு விதமான வேலை கலந்து கிடக்கிறது. ஆரோக்கியக் கட்டுரை அரிசிக்கு. மற்றது உங்களுக்கு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி வைத்துக்கொண்டு "நான் யார்" என்று கேட்டால் குழப்பம்தான் வரும். முதலில் இரண்டு ஃபோல்டர் போடுங்கள்.

அரிசி ஃபோல்டரை நம்பியும் ரொம்ப நாள் இருக்க முடியாது. "சர்க்கரை நோயாளிகள் சாப்பிட வேண்டிய 10 உணவுகள்" என்று எழுத இனி மனிதனுக்கு எவரும் காசு கொடுக்கப் போவதில்லை. ஏஐ வந்தபிறகு என்னுடைய ஆர்டர் பாதிக்குக் கீழே போய்விட்டது. என்னிடம் இப்போது மிஞ்சியிருப்பது பாசனக் கருவி விற்கும் ஒரு கம்பெனி வேலை. அதுவும் நான் வயலுக்குப் போய் விவசாயியிடம் கேட்டு எழுதுகிறேன் என்பதால் நிற்கிறது. ஐந்து வருடம் முன்னால் "எந்தத் தலைப்பானாலும் எழுதித் தரப்படும்" என்று விளம்பரம் போட்டவள் நான். இன்றைக்கு "சொட்டுநீர், பம்ப்செட், மண் பற்றி மட்டும்" என்று போட்டிருக்கிறேன். விசாரணை குறைந்தது, வேலை கிடைப்பது கூடியது.

ஆகவே என் பதில்: மையம் வேண்டும். கலைக்காக இல்லை, பில் போடுவதற்காக.

---

வாலாஜா வாத்தியார் | திங்கள், காலை 6.10

அன்புள்ள தம்பிக்கு,

காலையில் காபிக்கு முன் இதைப் படித்தேன். கீபோர்டு அம்மையார் சொன்னது தொழிலுக்குச் சரி. நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன்.

நம் மண்ணைச் சேர்ந்த மு.வ.வை (மு. வரதராசன்) எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பத்தூரில் தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்து, பிறகு பள்ளி ஆசிரியராகி, அதற்கும் பிறகு கல்லூரி, பல்கலைக்கழகம் என்று போனவர். அவர் எழுதாத வகை என்ன இருக்கிறது? நாவல் எழுதினார், அதில் ஒன்றுக்கு 1961இல் சாகித்ய அகாதெமி விருது. திருக்குறளுக்கு அவர் எழுதிய தெளிவுரை சட்டைப் பையில் வைக்கும் அளவில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. மொழியியல் எழுதினார், இலக்கிய வரலாறு எழுதினார், நாடகமும் எழுதினார். உங்கள் பதிப்பாளர் அவரிடம் "என்ன எழுதுறீங்க?" என்று கேட்டிருந்தால் அவரும் "எல்லாம்தான்" என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் எதைத் திறந்தாலும் ஒரே குரல். வயதில் இளைய ஒருவரை எதிரே உட்காரவைத்துப் பொறுமையாகச் சொல்லும் குரல். அவருடைய கடித நூல்களுக்குப் பெயரே "தம்பிக்கு", "தங்கைக்கு" என்றிருக்கும். நாவலிலும் கதாபாத்திரங்கள் ஒருவருக்கொருவர் பாடம் நடத்திக்கொண்டேதான் இருப்பார்கள் (அது எனக்குப் பிடிக்கும், என் மகளுக்குப் பிடிக்காது). வகை பத்து இருந்தாலும் எழுதிய ஆள் ஒருவர், அவர் வாத்தியார்.

நீங்கள் யாரைப் பார்த்துப் பேசுகிறீர்கள்? என்ன வகை என்பதை அப்புறம் பார்க்கலாம்.

---

ஹாஸ்டல் சாம்பார் | திங்கள், காலை 9.30

எனக்கு 20 வயசு, எனக்கும் மையம் வேணுமா?

---

காட்பாடி கீபோர்டு | திங்கள், காலை 9.34

வேண்டாம். முதலில் ஒரு குவியல் சேரட்டும். குவியல் இல்லாமல் நடுப்புறம் எங்கே இருக்கும்?

---

கோட்டை அகழி | திங்கள், மதியம் 1.15

எல்லோரும் மையம் கிடைக்காத கஷ்டத்தைப் பேசுகிறீர்கள். கிடைத்தவன் படும் கஷ்டத்தையும் கேளுங்கள்.

2006இல் வேலூர்ப் புரட்சிக்கு 200 வருடம் ஆனபோது ஒரு கட்டுரை எழுதினேன். நன்றாகவே வந்தது. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு லீவு போட்டுப் போய், குறிப்பெடுத்து எழுதியது. 1806 ஜூலை 10 அதிகாலை என்ன நடந்தது, அதற்கு முன்னால் சிப்பாய்களுக்குப் போட்ட உத்தரவு என்ன (தாடி கூடாது, நெற்றியில் குறி கூடாது, தலைப்பாகைக்குப் பதில் தோல் குஞ்சம் வைத்த வட்டத் தொப்பி), ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் தளபதி கில்லஸ்பி குதிரைப்படையோடு எப்படி வந்து சேர்ந்தார், எல்லாம் அதில் இருந்தது.

அன்றிலிருந்து நான் ஜூலை 10 எழுத்தாளன். ஜூன் கடைசி வாரத்தில் போன் வர ஆரம்பிக்கும். "சார், வழக்கம்போல ஒரு கட்டுரை, 600 வார்த்தை." ஜூலை 11ஆம் தேதி மக்கானில் இருக்கும் புரட்சி நினைவுத்தூணில் மாலை வாடும்போது என் போனும் அடங்கிவிடும். அப்புறம் அடுத்த ஜூன்தான்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் பேரனைத் தோளில் தூக்கி வைத்து, "பாரு, இதான் ஆறு" என்று காட்டிக்கொண்டிருந்தார். பையனுக்கு எட்டு வயது இருக்கும், தோளில் தூக்கும் வயதில்லை. அவன் அதுவரை மணலைத்தான் ஆறு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அன்றிரவு உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். அனுப்பிய இடத்திலிருந்து பதில் வந்தது: "நல்லா இருக்கு சார், ஆனா உங்ககிட்ட எங்களுக்கு வரலாறுதான் வேணும்."

பிறர் நம் மேல் ஒட்டும் சீட்டு வேறு, நம்முடைய மையம் வேறு. சீட்டு சீக்கிரம் ஒட்டிவிடும், கிழிப்பதுதான் பெரும்பாடு. பாசஞ்சர் தம்பி, "எல்லாம்தான்" என்று சொல்லும் சுதந்திரம் இன்னும் உங்களிடம் இருக்கிறது. அவசரப்பட்டு அதைக் கைமாற்றி விடாதீர்கள்.

---

சும்மா இருப்பவன் | திங்கள், மதியம் 1.40

ஆம்பூரில் வேலை பார்த்துக்கொண்டு பிரியாணி பற்றி எழுதாமல் இருப்பதே முதல் தப்பு. சீரக சம்பா, எண்ணெய்க் கத்தரிக்காய் தொக்கு என்று நாலு வரி எழுதிப் பாருங்கள், ஒரே நாளில் மையம் கிடைக்கும்.

---

மேல்பட்டி பாசஞ்சர் | திங்கள், இரவு 8.10

நான் குடியாத்தம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன் 🙂

எல்லோருக்கும் நன்றி. கீபோர்டு மேடம், இரண்டு ஃபோல்டர் போட்டாயிற்று. அரிசி ஃபோல்டர் பெரிதாக இருக்கிறது, மற்றது இன்னும் கதம்பமாகத்தான் இருக்கிறது. வாத்தியார் ஐயா, யாரைப் பார்த்துப் பேசுகிறேன் என்று யோசித்தேன். பதில் வரவில்லை. ரயிலில் எதிர் சீட்டில் இருப்பவரைப் பார்த்துத்தான் பேசுகிறேன் போலிருக்கிறது, அவரும் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

---

இரவுப் பணி | செவ்வாய், அதிகாலை 2.30

தூக்கம் வராத பழக்கம் போகவில்லை, அதனால் இந்த நேரம். வேலையை விட்டு நான்கு வருடம் ஆகிறது. அதற்கு முன் வேலூரில் 14 வருடம் நர்ஸ்.

நான் முதலில் எழுதியது காதல் கதைகள். மாத நாவல் ஆசை. ஏழு எட்டு கதை ஆனதும் ஒரு தோழி மொத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தாள். "உன் கதையில எல்லாரும் பெஞ்சுலயே உட்கார்ந்திருக்காங்களே, ஏன்?" எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். காதலன் பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கிறான், பெண் வராண்டாவில் காத்திருக்கிறாள், அப்பா ரிஜிஸ்டர் ஆபீசில். யாருக்காவது கூப்பிடும்வரை வேறு வேலை இல்லாத ஆட்கள். கதைக்கு அது தேவையே இல்லை. எனக்குத் தேவையாக இருந்திருக்கிறது.

வேலூர்க்காரர்களுக்குத் தெரியும், காந்தி ரோட்டில் லாட்ஜ் போர்டெல்லாம் வங்காள எழுத்தில் இருக்கும். அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள். நோயாளியை நாங்கள் பார்த்துக்கொள்வோம். கூட வந்தவரை யார் பார்ப்பது? ஒருவர் ஞாபகம் வருகிறார். 40 நாள் இருந்தார். இரண்டே சட்டை. ஒன்றைத் துவைத்து லாட்ஜ் மொட்டைமாடியில் போட்டுவிட்டு மற்றதைப் போட்டுக்கொண்டு வருவார். மழை பெய்த ஒரு நாள் ஈரச் சட்டையோடு வந்து பெஞ்சின் ஓரத்தில் முதுகு படாமல் உட்கார்ந்திருந்தார், பெஞ்ச் நனைந்துவிடும் என்று. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. நம்பர் கூப்பிட்டால் அவர் பார்ப்பது என் முகத்தை.

இப்போது நான் எழுதுவதெல்லாம் உடன் வந்தவர்களைப் பற்றி. கதையாகவும் எழுதுகிறேன், கட்டுரையாகவும் எழுதுகிறேன், ஒரு கையேடுகூட எழுதினேன். "மருத்துவ எழுத்தாளர்" என்று யாராவது அறிமுகப்படுத்தினால் எரிச்சல் வரும். அகழி சார் சொன்ன சீட்டு அதுதான்.

பாசஞ்சர் தம்பிக்கு ஒரு வேலை தருகிறேன். எழுதிய எல்லாவற்றையும் திறங்கள், அரிசி ஃபோல்டரையும் விடாமல். யாரும் கேட்காமல் நீங்களாக நுழைத்த பத்தி எது என்று பாருங்கள். எடிட்டர் வெட்டிய பத்தி கிடைத்தால் இன்னும் நல்லது. எதை வெட்டியபோது சும்மா இருந்தீர்கள், எதை வெட்டியபோது இரவு தூக்கம் போனது? தூக்கம் போனதை மட்டும் இங்கே கொண்டுவந்து போடுங்கள்.

---

காட்பாடி கீபோர்டு | செவ்வாய், காலை 8.50

இதை நானும் செய்யப் போகிறேன். பயமாக இருக்கிறது.

---

மேல்பட்டி பாசஞ்சர் | சனி, இரவு 11.45

நான்கு நாள் ஆனது. இரவுப் பணி அக்கா, உங்களுக்கு நன்றி சொல்வதா திட்டுவதா தெரியவில்லை.

கிடைத்ததை வரிசையில்லாமல் போடுகிறேன்.

சினிமா விமர்சனம் 63. அதில் 22இல் ஏதோ ஒரு இடத்தில் "இவருக்கு வருமானம் எங்கிருந்து?" என்று கேட்டிருக்கிறேன். ஒரு படத்துக்கு, நாயகன் ஒரு நாளில் எத்தனை டீ குடிக்கிறார், சிகரெட் எத்தனை, பெட்ரோல் எவ்வளவு என்று கூட்டிப் பார்த்து, வேலைக்கே போகாத ஆளுக்கு இது எப்படிக் கட்டுப்படியாகும் என்று ஒரு பத்தி. எடிட்டர் வெட்டிவிட்டார். நடிப்பு பற்றி எழுதிய இடத்தை அவர் பாதியாகக் குறைத்தது எனக்கு ஞாபகமே இல்லை, இது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

"கழுத்து வலியைப் போக்கும் 7 எளிய பயிற்சிகள்." ஏஜென்சி வேலை. நடுவில் பீடி சுற்றும் பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்தே இருப்பதால் வரும் வலியைப் பற்றி எட்டு வரி. "நம் வாசகர்கள் ஐடி துறையினர்" என்று ஒரு குறிப்போடு திரும்பி வந்தது. அதை எடுத்துவிட்டு அனுப்பினேன். சில ரூபாய்தான் நஷ்டம். அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசவில்லை.

சிறுகதை 31இல் 12இல் ஒரு நோட்டு வருகிறது. பாஸ்புக், பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, கடன் நோட்டு, ஏதோ ஒன்று. நான் கவனித்ததே இல்லை.

உச்சம் இதுதான்: குழந்தைகள் கதை மொழிபெயர்ப்பில் ஒரு கரடி தேன் விற்கும். ஜாடி என்ன விலை என்று நான் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். மூலத்தில் விலையே கிடையாது! யாரும் கண்டுபிடிக்கவில்லை, அச்சாகியும் விட்டது.

இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

அம்மா பீடி சுற்றுகிறவர். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து. இலையைத் தகடு வைத்து அளவாகக் கத்தரித்து, தண்ணீரில் நனைத்து, முறத்திலிருக்கும் தூளை எடுத்து வைத்துச் சுற்றி, நூல் கட்டி, முனையை ஒரு சின்னக் கம்பியால் உள்ளே மடக்குவார். சுற்றும்போது கையைப் பார்க்க மாட்டார், எங்களைப் பார்ப்பார். 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு ஆயிரம். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான். கொண்டுபோய்க் கொடுத்தால் ஏஜென்ட் கட்டை உள்ளங்கையில் தட்டிப் பார்ப்பார். தளர்வாக இருந்தால் தனியே ஒதுக்குவார். ஒதுக்கியதற்குக் கூலி கிடையாது, ஆனால் அதற்குக் கொடுத்த இலையும் தூளும் கணக்கில் நம் தலையில் நிற்கும்.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. ஆறாவது படிக்கும்போதிலிருந்து வீட்டு நோட்டை எழுதியவன் நான். இடது பக்கம் வாங்கிய இலை, தூள். வலது பக்கம் கொடுத்த பீடி. ஓரத்தில் பென்சிலால் கழிவு. ஏஜென்டின் நோட்டும் எங்கள் நோட்டும் ஒத்துப் போகாத வாரங்களில், நான் சொல்வதை யாரும் கேட்க மாட்டார்கள். அவர் நோட்டுதான் நோட்டு. ஆறாவது படிக்கும் பையன் எழுதியதை யார் மதிப்பார்கள்?

நான் முதலில் எழுதியது கவிதை என்று எல்லா இடத்திலும் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். பொய். முதலில் எழுதியது அந்த நோட்டு. இப்போது ஆம்பூரில் உட்கார்ந்து ஜாப் ஒர்க் கணக்கு பார்க்கிறேன், வீட்டில் வைத்து அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைத்துக் கொடுக்கும் பெண்களுக்கு ஜோடிக்கு இவ்வளவு என்று. 28 வருடமாக அதே நோட்டு. இடையில் மேஜையின் எதிர்ப்பக்கத்துக்கு வந்துவிட்டேன், அவ்வளவுதான்.

கரண்ட் போகிறது. அப்புறம் வருகிறேன்.

---

வாலாஜா வாத்தியார் | ஞாயிறு, காலை 5.55

இரண்டு முறை படித்தேன். காபி ஆறிவிட்டது.

---

காட்பாடி கீபோர்டு | ஞாயிறு, காலை 10.15

அண்ணா, பிரமாதம். ஆனால் தொழில்காரியாக ஒரு கேள்வி. இதைத் "தோல் தொழில் பற்றி எழுதுபவர்" என்று வைத்துக்கொள்ளலாமா? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று ஊர் முழுக்க விஷயம் இருக்கிறது. பாலாறு மாசு வழக்கில் 1996இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை இன்றைக்கும் சட்டக் கல்லூரியில் படிக்கிறார்கள். ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்ட காலத்திலிருந்து குரோம் ரசாயனம் வரைக்கும் ஒரு பெரிய புத்தகமே இருக்கிறது. நீங்கள் உள்ளே இருக்கும் ஆள். பதிப்பாளரிடம் ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

---

மேல்பட்டி பாசஞ்சர் | ஞாயிறு, காலை 11.00

நல்ல புத்தகம்தான் மேடம், ஆனால் நான் எழுத வேண்டியது இல்லை. 15 வருடம் வேலை பார்த்தும் பதனிடும் தொட்டிப் பக்கம் நான்கு முறைதான் போயிருப்பேன். அந்த நாற்றத்தைப் பற்றி எழுத ஆள் வேறு இருப்பார்கள். என்னைத் தூங்கவிடாதது தோல் கிடையாது. ஒரு ஜோடிக்கு எவ்வளவு, அதை யார் முடிவு செய்தார்கள், யாருடைய நோட்டில் அது எழுதப்பட்டது, இவ்வளவுதான்.

---

இரவுப் பணி | ஞாயிறு, காலை 11.20

பார்த்தீர்களா, "இது இல்லை" என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடித்தது? முக்கால் மணி நேரம். போன வாரம் கேட்டிருந்தால் உடனே தோல் தொழில் எழுத்தாளர் ஆகியிருப்பீர்கள்.

---

கோட்டை அகழி | ஞாயிறு, மதியம் 12.30

தம்பி, சுதந்திரத்தைக் கைமாற்றாதே என்று சொன்னவனே இப்போது வேலை தருகிறேன்.

1966இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தைத் தேடிப் படியுங்கள். வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றே அது எடுத்துக்கொண்டது. அப்புறம் உங்கள் வீட்டுப் பழைய பீடி பாஸ்புக்கில் பெயர் யாருடையது என்று பாருங்கள். எங்கள் தெருவில் நான்கு பேர் சுற்றியதும் ஒரே பெயரில் போனது. உங்கள் வீட்டில் எப்படியோ.

இன்னும் பின்னால் போக ஆசை இருந்தால் காக்ஸ் 1881இல் எழுதிய நார்த் ஆர்காட் மாவட்டக் கையேடு இருக்கிறது. அப்போது சித்தூரும் நம் மாவட்டத்துக்குள்தான். கலெக்டர் ஆபீசின் கண்ணில் எந்தத் தொழில் பட்டது, எது படவில்லை என்று பார்ப்பதே ஒரு சுவாரசியம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. மே 1ஆம் தேதிக்குக் கட்டுரை கேட்டால் முதல் வருடமே மறுத்துவிடுங்கள். என் கதி உங்களுக்கு வேண்டாம்.

---

சும்மா இருப்பவன் | ஞாயிறு, மாலை 4.45

இவ்வளவு நாள் கிண்டலடித்துக்கொண்டிருந்தேன். ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

என் சித்தி தீப்பெட்டி ஒட்டினவர். குடியாத்தம் பக்கம்தான். அங்கே கணக்கு குரோஸ். 144 பெட்டி ஒரு குரோஸ். பள்ளிக்கூடத்தில் டஜன் வாய்ப்பாடு வருவதற்கு முன்னாலேயே எங்களுக்கு 144 தெரியும். பசைக்கு மாவு நாம்தான் போட வேண்டும். ஒரு தடவை பசிக்கு அந்தப் பசை மாவை நானும் தம்பியும் உப்புப் போட்டுக் காய்ச்சிக் குடித்துவிட்டோம். சித்தி அடிக்கவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டார், எத்தனை குரோஸ் போச்சு என்று. அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

வேண்டுமானால் இதை உங்கள் புத்தகத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். என் பெயர் வேண்டாம்.

---

இரவுப் பணி | ஞாயிறு, மாலை 5.10

சும்மா இருப்பவரே, அதை நீங்கள் எழுதுங்கள்.

---

சும்மா இருப்பவன் | ஞாயிறு, மாலை 5.12

ஐயோ, ஆளை விடுங்கம்மா.

---

ஹாஸ்டல் சாம்பார் | ஞாயிறு, இரவு 7.00

அண்ணா, ஒரு சந்தேகம். இதுதான் மையம்னு தெரிஞ்சதும் மத்ததெல்லாம் நிறுத்திடணுமா? நீங்க சினிமா விமர்சனம் எழுதறதாலதான் நான் உங்களைப் படிக்க ஆரம்பிச்சேன்.

---

மேல்பட்டி பாசஞ்சர் | திங்கள், இரவு 9.20

தம்பி, விமர்சனத்தைத்தான் நிறுத்துகிறேன். வெள்ளிக்கிழமை காலை படம் பார்த்து மாலைக்குள் அனுப்ப வேண்டும் என்று வாரத்துக்கு ஒரு நாள் லீவோ பொய்யோ தேவைப்பட்டது. 63 விமர்சனத்திலும் நான் பார்த்தது படத்தை இல்லை, படத்திலிருப்பவர்களின் பர்ஸை. அதை நேராகவே எழுதிவிடலாம்.

ஆரோக்கியக் கட்டுரையை நிறுத்த முடியாது. மகளுக்கு ஜூனில் ஃபீஸ் கட்ட வேண்டும். வாரத்துக்கு ஐந்து என்பதை இரண்டாக்கச் சொல்லியிருக்கிறேன். கவிதை தானாக வந்தால் வரட்டும். கதை எழுதுவேன், ஆனால் நோட்டு வருகிற கதையா என்று இனி ஒளிந்து பார்க்க வேண்டியதில்லை.

பதிப்பாளருக்குப் போன் செய்தேன். பிஸ்கட் விழுந்த ஆள் என்று சொல்லியும் ஞாபகம் வரவில்லை. சரி, இந்தத் தடவை "கூலிக் கணக்கு எழுதுகிறேன் சார், எங்கள் பக்கத்தில் வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலைகளுக்கு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஊதுபத்தியும் உண்டா? எங்க பாட்டி உருட்டுவாங்க" என்றார். அப்புறம் 20 நிமிடம் அவர்தான் பேசினார். புத்தகம் போடுவதாகச் சொல்லவில்லை. மூன்று அத்தியாயம் முடிந்ததும் அனுப்பச் சொன்னார்.

---

மேல்பட்டி பாசஞ்சர் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 10.30

இந்த இழையில் நான் போட்டதில் ஒரு பிழை இருக்கிறது, திருத்த வந்தேன்.

முதல் அத்தியாயத்தை இன்று அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இப்போது வயது 64. கண் சரியில்லை, இருந்தாலும் தினம் கொஞ்சம் சுற்றுகிறார். சுற்றிக்கொண்டே கேட்டார். நோட்டு, ஏஜென்ட், கழிவு எல்லாவற்றுக்கும் ஒன்றும் சொல்லவில்லை. இலையைக் கத்தரித்துத் தண்ணீரில் நனைப்பது என்ற வரி வந்ததும் கை நின்றது.

"இன்னாடா எழுதி வச்சிருக்க? காஞ்ச எலைய கத்திரிச்சா நொறுங்கிப் போவாதா? மொதல்ல நனைக்கணும். ராத்திரியே நனைச்சு ஈரக் கோணியில சுத்தி வச்சாத்தான் காலைல கத்திரி எறங்கும்."

"28 வருஷமா பக்கத்துலதானம்மா உட்கார்ந்திருக்கேன்" என்றேன்.

"நீ நோட்டுதான எழுதின" என்றார்.

ஆகவே மேலே சனிக்கிழமை போட்ட பதிவில் முதலில் நனைப்பது, அப்புறம் கத்தரிப்பது என்று திருத்திப் படிக்கவும். அத்தியாயத்தைத் திரும்ப எழுதுகிறேன். அகழி சார் கேட்ட பாஸ்புக்கும் கிடைத்தது, அதில் அம்மா பெயர் இல்லை, பெரியம்மா பெயர் இருக்கிறது. அது இரண்டாம் அத்தியாயம்.

இன்னொரு உதவி. பீடி முனையை உள்ளே மடக்கும் அந்தச் சின்னக் கம்பிக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்? எங்கள் வீட்டில் பெயரே கிடையாது, "அத எடு" என்றால் அதுதான்.

---

சும்மா இருப்பவன் | ஞாயிறு, இரவு 10.41

சித்திக்குத் தீப்பெட்டிதான் தெரியும். ஆனால் பக்கத்து வீட்டில் பீடி. காலையில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.